பையில் கிடந்த இரண்டு ரப்பர் வளையங்கள்

என் கைத்தவறால் ஆட்கள் நிறைந்த ஒரு விமானம் ஆபத்தோடு வானத்தில் ஏறியது. அது ஏறிய நேரத்தில் நான் காமயகவுண்டன்பட்டியில் என் வீட்டில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

போன வருடம் நான்கு மாதம் நான் வேலைக்குப் போகாமல் ஊரிலேயே இருந்தேன். "என்னப்பா சாமுவேலு, ஒடம்புக்கு முடியலையா?" என்று இந்தச் சபையில் உங்களில் பலர் விசாரித்தீர்கள். ஆமாம் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யையும் இன்று உங்கள் முன்னால் இறக்கி வைக்கவேண்டும்.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் ஒரு விமான நிலையத்தில் நான் மெக்கானிக். பன்னிரண்டு வருட வேலை. சாமுவேலுக்குக் கை வேகம் என்று அங்கே பெயர். அந்தப் பெயரில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை இரவு ஷிப்ட். ஒரு விமானத்தின் இடது இன்ஜினில் சின்னச் சோதனை. எண்ணெயில் இரும்புத்தூள் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு, விரல் நீளத்தில் ஒரு காந்த மூடி உண்டு. அதைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டவேண்டும். மூடியைச் சுற்றி இரண்டு ரப்பர் வளையங்கள். பழையதை எறிந்துவிட்டு ஒவ்வொரு தடவையும் புதியது போடவேண்டும். அவை இல்லாவிட்டால் எண்ணெய் ஒழுகும்.

பழையதை எறிந்தேன். புதிய பாக்கெட்டைப் பிரிப்பதற்குள், பக்கத்து விமானத்தில் டயர் மாற்ற ஆள் போதவில்லை என்று கூப்பிட்டார்கள். பாக்கெட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தபோது, வளையம் போட்டாயிற்று என்றே நினைத்துக்கொண்டு மூடியை முறுக்கினேன். 'புதியது மாற்றப்பட்டது' என்று எழுதிக் கொடுத்தேன். இன்ஜினை ஓட்டிக் கசிவு பார்க்கவேண்டும். நேரமில்லை என்று அதையும் விட்டோம். விடிந்ததும் லீவில் ஊருக்கு வரக் குமுளி பஸ் ஏறிவிட்டேன்.

மதியம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் மனைவி மெர்சி என் யூனிபார்மை ஊறவைக்கப் பையைத் துழாவினாள். "ஏங்க, இது எதுக்கு ரப்பர்? தூரப் போட்டுறவா?" என்று கேட்டாள்.

பிரிக்காத பாக்கெட். உள்ளே இரண்டு வளையம்.

தட்டைத் தள்ளி வைத்தேன். மணி பார்த்தேன். மூன்று அடிக்க இன்னும் பத்து நிமிடம். அந்த விமானம் வளைகுடாவுக்குப் போவது. இரண்டரைக்குப் புறப்படும்.

நான் செய்த முதல் ஜெபத்தைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. 'ஆண்டவரே, பழைய வளையம் அதிலேயே இருந்திருக்கட்டும்' என்று ஜெபித்தேன். குப்பைத்தொட்டியில் அவற்றை எறிந்தது கண்ணில் நின்றது. அப்படியும் அப்படியே கேட்டேன். போன் செய்தால் வேலை போகும், லைசென்ஸுக்குப் படித்ததெல்லாம் வீணாகும். இரண்டு இன்ஜின் உண்டு, ஒன்று நின்றாலும் இறக்கிவிடுவார்கள். இப்படி எனக்கு நானே பேசிக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன்.

மெர்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. "அதுல எத்தன பேரு போறாக?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு என்னால் அப்படி நடந்துகொண்டே இருக்க முடியவில்லை. மொட்டை மாடிக்கு ஏறினேன், அங்கேதான் சிக்னல் கிடைக்கும். பகல் ஷிப்ட் பொறுப்பாளர் வர்கீஸ் சாருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை. அலுவலக எண்ணில் மணி அடித்து அடித்து நின்றது. கீழே திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. சுடுகிற தரையில் முழங்கால் போட்டேன். "கர்த்தாவே, என் வேலையை எடுத்துக்கொள்ளும். யாராவது ஒரு ஆள் போனை எடுக்கட்டும்."

அடுத்த தடவை எடுத்தார்கள்.

"எந்தா சாமுவேலே, நீ லீவில் அல்லே?" லீவில்தானே என்று மலையாளத்தில் கேட்டது வர்கீஸ் சாரின் குரல். வேலை முடிந்து கிளம்பிப்போனவர், மறந்து வைத்த டிபன் பாக்ஸை எடுக்கத் திரும்பி வந்திருக்கிறார். கைபேசி வண்டியில். ஆளில்லாத அறையில் மணி அடிக்கவும் எடுத்திருக்கிறார்.

"சார், இடது இன்ஜின்ல வளையம் போடாம மூடிட்டேன். ஃப்ளைட்ட திரும்பச் சொல்லுங்க."

"உறப்பாணோ? நிச்சயமா?" என்றார்.

"பாக்கெட் என் கையில இருக்கு சார்."

போனை வைத்துவிட்டார்.

நாற்பது நிமிடம். நான் மாடிக்கும் கீழுக்கும் எத்தனை தடவை ஏறி இறங்கினேனோ தெரியாது. ஜெபிக்க வார்த்தை வரவில்லை. மெர்சி படியில் உட்கார்ந்து எனக்கும் சேர்த்து ஜெபித்தாள். அவள் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

போன் வந்தது. "இறங்கியாச்சு. எல்லாரும் சுகம்," என்றார் வர்கீஸ் சார். பிறகு மெதுவாகச் சொன்னார். செய்தி போனபோது விமானிகளுக்கு எந்த எச்சரிக்கையும் வந்திருக்கவில்லையாம். எண்ணெய் அளவைப் பார்த்தால் பாதிக்கும் கீழே, இறங்கிக்கொண்டே இருந்ததாம். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் நடுக்கடல். கரையிலிருந்து அதிக தூரம் போகுமுன் திருப்பிவிட்டார்கள்.

படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் நானே போய் நடந்ததை ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தேன். நான்கு மாதம் விமானத்தைத் தொட விடவில்லை. அது நியாயம்தான். பிறகு மறுபயிற்சி, பரீட்சை, அப்புறம் வேலை. நான் மறைக்காமல் சொன்னதால் திருப்பி எடுத்ததாகச் சொன்னார்கள். இப்போது அங்கே ஒருவர் மாட்டுவதை மூடுமுன் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். நடுவில் என்னை யார் கூப்பிட்டாலும் வேலை முடியவில்லை என்ற சிவப்புச் சீட்டைத் தொங்கவிட்டுத்தான் போகிறேன். திரும்பி வந்தால் முதல் படியிலிருந்து தொடங்குகிறேன். கை வேகம் என்று இப்போது யாரும் சொல்வதில்லை.

அந்தப் பயணிகளில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. விமானம் திரும்பியதற்காக எரிச்சல்பட்டிருப்பார்கள். அவர்கள் தங்கள் வீடுகளில் நன்றாக இருக்கிறார்கள் என்று தினமும் ஆண்டவருக்கு நன்றி சொல்லுகிறேன்.

உங்களில் யாராவது செய்த தவற்றை வெளியே சொல்ல முடியாமல் இப்போது வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருக்கலாம். தப்பிக்க வழி கேட்டு நான் ஜெபித்தபோது எனக்கு நெஞ்சுப் படபடப்புதான் கூடியது. உண்மையைச் சொல்ல ஆள் கேட்டபோது, ஆண்டவர் ஆளைக் கொடுத்தார். அவரை நம்பிச் சொல்லிவிடுங்கள். தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால் ஆராதனை முடிந்து என்னிடம் வாருங்கள். உங்களோடு நானும் வருகிறேன்.