சிங்கப்பூரிலிருந்து போட்ட விளக்கு

எங்கள் வில்லாபுரம் வீட்டு வாசல் விளக்கை அப்பா சிங்கப்பூரில் இருந்தபடியே போட முடியும் என்று மாமா சொன்னபோது, அதை நம்பியது நான் ஒருத்திதான். மாமா அம்மாவின் தம்பி. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். பாஸானதைவிட அரியர் வைத்ததுதான் அதிகம் என்று அம்மா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

டவுன் ஹால் ரோட்டில் வாங்கிவந்த, ரிலே என்கிற நீலநிறச் சின்னப் பெட்டிகளை மாமா ஒரு சர்க்யூட் அட்டையில் ஈயம் வைத்துப் பற்றவைத்தார். அதை மரப்பெட்டிக்குள் அடைத்து, வெளியே இரண்டு பிளக் பாயிண்ட் வைத்தார். பெட்டியிலிருந்து கிளம்பிய வயர் எங்கள் பழைய கம்ப்யூட்டரின் முதுகில் போய்ச் சேர்ந்தது. கம்ப்யூட்டருக்குக் கட்டளை வந்தால் ரிலே 'டிக்' என்று கரண்டைத் திறந்துவிடுமாம். கட்டளை இன்டர்நெட்டில் எந்த ஊரிலிருந்து வந்தாலும் சரியாம். எனக்கு அந்த 'டிக்' மட்டும் புரிந்தது.

முதல் சோதனைக்கு விளக்கை ஒன்றிலும் மிக்ஸியை இன்னொன்றிலும் செருகினார். விளக்குக்குக் கட்டளை கொடுத்தால் மிக்ஸி ஓடியது. மூடாத ஜாரிலிருந்த தேங்காய்ச் சட்னி சுவரெல்லாம் அப்பிக்கொண்டது.

"ஏன்டா, செவுத்துக்கா சட்னி ஊட்டுற?" என்று அம்மா கரண்டியோடு வந்தாள்.

"வயரு மாறிப்போச்சுக்கா. ஆனா ஓடுச்சா இல்லையா?"

வயரை மாற்றிய மறுநாள், பொழுது சாயும் நேரத்தில் வாசலில் நின்றோம். 'டிக்'. விளக்கு எரிந்தது. யாரும் தொடவில்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கம், அதற்குள் ராத்திரியாகிவிட்ட ஊரில் அப்பா விரலை வைக்க, இங்கே எங்கள் செருப்புகள் வெளிச்சத்தில் கிடந்தன. கோயிலில்கூட இப்படியொரு அற்புதத்தை நான் பார்த்ததில்லை.

சுவரில் பழைய சுவிட்சும் இருந்தது, அதைத் தட்டினாலும் விளக்கு எரியும். ஆனால் அன்று முதல் அதை யாரும் தொடக்கூடாது என்று அம்மா சட்டம் போட்டுவிட்டாள். சாயங்காலம் போடுவதும் அப்பாதான், காலையில் அணைப்பதும் அப்பாதான். அவர் அங்கே உயரமான கட்டடங்களில் சாரம் ஏறி வேலை பார்ப்பவர். கீழே இறங்கி, அறைக்கு வந்து, கூட இருப்பவரின் லேப்டாப்பில் உட்கார்ந்தால்தான் எங்கள் வாசலுக்கு வெளிச்சம். அதைப் பார்த்த பிறகுதான் அம்மா அடுப்பைப் பற்றவைப்பாள்.

ஒருநாள் விளக்கு எரியவில்லை. கரண்டு இருந்தது, உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா போன் போட்டாள். மணி அடித்ததே தவிர யாரும் எடுக்கவில்லை. மறுபடி மறுபடி போட்டுவிட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்தார். "வெளக்கு வைக்கிற நேரத்துல வீட்ட இம்புட்டு இருட்டா போட்டு வச்சிருந்தா வெளங்குமா தாயி? சுவிட்சத் தட்டு" என்றார்.

நான் ஓடினேன். அம்மா எட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போடாத. அப்பா போடட்டும்."

பிடித்த இடம் வலித்தது. அவள் அப்படிப் பிடித்து நான் அறிந்ததில்லை.

வெளியே போயிருந்த மாமா வந்ததும் நேராகப் பெட்டியிடம் போனார். விளக்கின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த ஓட்டையில் கரண்டு வருகிறதா என்று டெஸ்டரை வைத்துப் பார்த்தார். டெஸ்டருக்குள் சிவப்பாக ஒரு பொட்டு எரிந்தது.

"மச்சான் அப்பவே போட்டுட்டாருக்கா. பல்புதான் ஃபியூஸ் போயிருச்சு. போட்டுட்டுக் குளிக்கப் போயிருப்பாரு, அதான் போன எடுக்கல."

அம்மா எழுந்து வந்து டெஸ்டரைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். மாமா காட்டியபடி நுனியில் விரலை வைத்து அந்தப் பொட்டையே பார்த்தாள். நான் கடைக்கு ஓடி, புது பல்பு வாங்கி, மூச்சிரைக்கத் திரும்பி வந்தேன். அப்போதும் அவள் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"பல்பு வந்துருச்சும்மா, தள்ளு."

"பொறுடி, கொஞ்ச நேரம்."

ஓர் எழுத்தைக்கூட வாசிக்க முடியாத அந்தத் துளி வெளிச்சத்தில் இவள் அப்படி என்னத்தைப் பார்க்கிறாள் என்று, கையில் புது பல்போடு நின்ற எனக்குக் கோபம் கோபமாக வந்தது.