பால் நேரத்துக்கு முன்னால்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றில் பெரியாயியைப் பிள்ளைக்காம்பராவுக்கு ஆயாவாகப் போட்டபோது அவளுக்கு வயது நாற்பது. அதுவரை நிரையில் நின்று கொழுந்து பறித்தவள். தாய்மார் மலைக்குப் போகும் வேளையில் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் அந்த நீண்ட தகரக்கூரை அறையில், அவளுக்கு முன் இருபது ஆண்டுகள் ரோசம்மா இருந்தாள். ஒரு காலத்தில், மார்பில் பால் கட்டி, ரவிக்கை நனைய அரைக்கதவுக்கு வெளியே நின்ற பெரியாயியிடம், "நேரம் ஆகல, மலைக்குப் போ" என்று சொன்னவள் அந்த ரோசம்மா. அன்று பெரியாயி அவளை வாயாரச் சபித்தாள். இப்போது அதே வேலை தன் கைக்கு வந்ததும் லயத்து வரிசைவீட்டுப் பெண்களிடம் உறுதி சொன்னாள்:

"என் காலத்துல ஒரு தாயும் வெளிய நிக்க மாட்டா."

"சொல்லுவீங்க, சொல்லுவீங்க" என்று சிரித்தாள் பக்கத்துக் காம்பராச் செவனம்மா. "ஆயாவுக்குள்ள வெள்ளச் சேல கட்டுனப்புறம் காலு தரையில பாவுதான்னு பாப்போங்க்கா."

முதல் சில மாதங்கள் பெரியாயி சொன்னபடியே நடந்தாள். தாய்மார் நினைத்த நேரத்தில் வந்தார்கள். ஒருத்தி உள்ளே வந்தால் மற்றப் பிள்ளைகளெல்லாம் தத்தம் தாயைத் தேடி வீறிட்டன. சேற்றுக் காலடிகளைக் கழுவிக் கழுவி அவளுக்கு இடுப்பு ஒடிந்தது. ஒருநாள் கங்காணி சின்னராசா வாசலில் வந்து நின்றார்.

"நெரையில பாதி ஆளக் காணோம், ஆயா. கதவத் தொறந்து போட்டுட்டு நீங்க என்ன செய்றீங்க?"

முந்திய ஆண்டு வரை "ஏ, பெரியாயி!" என்று அதட்டியவர் அவர். கண்டிப்பை விட அந்த 'நீங்க'தான் அவள் மனத்தில் நின்றது. மறுநாள் அரைக்கதவுக்குக் கொக்கி போட்டாள். பத்து மணிக்குப் பால் நேரம். அதற்கு முன்னால் எவரும் வரக்கூடாது. கொக்கி போடு என்று யாருமே சொல்லவில்லை என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

எழுபத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதத்தில், கச்சான் காற்று தகரத்தைப் பிய்த்தெடுத்த ஒரு நாளில், பிள்ளைக்காம்பராவைப் பார்க்கப் பெரிய துரை வருவதாக இருந்தது. ஏழு தொட்டில்களிலும் வெளுத்த துணி, ஏழிலும் பிள்ளைகள். எட்டரை மணிக்குச் செவனம்மா மலையிலிருந்து ஓடி வந்தாள்.

"அக்கா, பய காலையில பாலே குடிக்கல. மேலு கொதிச்சிச்சு. மனசு கேக்கல. தாங்கக்கா, மருந்தையாகிட்டக் காட்டிட்டு ஓடியாந்துர்றேன்."

பிள்ளையின் உடம்பு சுடுவது பெரியாயிக்குத் தெரியும். சற்று முன்னர்தான் தொட்டுப் பார்த்திருந்தாள். ஆனால் துரை வரும்போது ஒரு தொட்டில் வெறுமையாகத் தொங்குமே என்ற எண்ணம் முந்திக்கொண்டது.

"நேரம் ஆகல. மலைக்குப் போ."

செவனம்மா கதவைப் பார்த்தாள், வெள்ளைச் சேலையைப் பார்த்தாள், திரும்பிப் போய்விட்டாள். துரை வந்து, சுற்றிப் பார்த்து, நல்ல துப்புரவு என்று பாராட்டிச் சென்றார். பத்து மணிக்குத் தாய் வந்தபோது பிள்ளை கண் திறக்கவில்லை. தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பசறையைத் தாண்டும் முன்பே மூச்சு அடங்கிவிட்டது.

யாரும் பெரியாயியைக் குற்றம் சொல்லவில்லை. காலையிலேயே கொண்டு வந்திருந்தாலும் பிழைத்திருக்காது என்றார் மருந்தையா. அந்த ஆறுதலை அவளால் விழுங்க முடியவில்லை. பிழைத்திருக்காவிட்டாலும் தாயின் மடியில் இருந்திருக்குமே! அதைவிட அவளை வாட்டியது வேறொன்று. அந்தச் சொற்களைச் சொன்னது தன் குரலன்று, செத்துப்போன ரோசம்மாவின் குரல் என்று அவளுக்குத் தோன்றியது. இழுவை, அலுப்பு, கடைசிச் சொல்லின் அழுத்தம் எல்லாம் அப்படியே இருந்தன. அதன் பின் வாயைத் திறக்கவே அஞ்சினாள். பிள்ளைகளைச் சைகையால் அடக்கினாள். காற்றில் அந்தப் பிள்ளை கிடந்த ஏழாவது தொட்டில் தானாக ஆடும்போதெல்லாம் எழுந்து போய்க் கயிற்றைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு அந்தக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு ஆண்டுகள் கழித்துச் செவனம்மா பெண் குழந்தையொன்றைக் கொண்டு வந்து அரைக்கதவுக்கு மேலாக நீட்டினாள். வேறு வழி அவளுக்கு இல்லை.

"வச்சிக்கிடுங்க, ஆயாம்மா."

அக்கா என்ற சொல் போய்விட்டிருந்தது. பெரியாயி அன்றே கொக்கியைப் பிடுங்கி எறிந்தாள். மறுநாள் பால் நேரத்துக்கு வெகு முன்னதாகவே செவனம்மா தூறலில் வந்து நின்றாள். உள்ளே குழந்தை அழுதது. பெரியாயி கதவை அகலத் திறந்தாள்.

"உள்ள வா, புள்ள. அழுவுது பாரு."

"இருக்கட்டுங்க. நேரம் ஆகலீங்களே."

அதில் குத்தல் இல்லை; கோபம் இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெரியாயியே வெளியே வந்தாள். இறவாரத்தின் கீழ், சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பி அமர்ந்து செவனம்மா பால் கொடுத்தாள். நாள்தோறும் அப்படியே நடந்தது. குழந்தை தளர்நடை போடத் தொடங்கிய ஒருநாள், பெரியாயி தாங்க மாட்டாமல் கேட்டுவிட்டாள்.

"செவனம்மா, என்னயத் திட்டு. இல்லாட்டி ஒரு தடவ அக்கான்னு கூப்புடு."

செவனம்மா யோசித்தாள். மெய்யாகவே முயன்று பார்ப்பவளைப் போல உதடுகளை அசைத்தாள்.

"வர மாட்டேங்குதுங்க. உங்களப் பாத்தா ஆயாம்மான்னுதான் வாயில வருது."

மறுநாள் விடியலில் பெரியாயி சாவியைக் கங்காணியிடம் கொடுத்தாள். சாயம் போன பழைய சேலையைக் கட்டி, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் வந்து நின்றாள்.

"இந்த வயசுல மலை ஏறப்போறீங்களா? பைத்தியமா புடிச்சிருக்கு?" என்றார் சின்னராசா.

"பேரப் போடுங்க, கங்காணி."

சிரித்துக்கொண்டே போட்டார். பெரியாயி போய் வரிசையின் கடைசியில், செவனம்மாவுக்குப் பின்னால் நின்றாள். பனிமூட்டத்தில் பெண்கள் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் செவனம்மா ஒதுங்கினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கினார்கள். வரிசையின் முகப்பு வரை பாதை திறந்தது. செவனம்மாதான் சொன்னாள்:

"முன்னுக்குப் போங்க, ஆயாம்மா."