காக்காவும் ஆமைக் குஞ்சுகளும்

சென்னையில் கல்லூரியில் படித்தபோது, ஆமை முட்டைகளைத் தேடிக் கடற்கரையில் நடக்கும் கூட்டத்தோடு நானும் சுற்றியிருக்கிறேன். கல்யாணமாகிப் புனே பக்கம் நிக்டிக்கு வந்த பிறகு அந்தப் பங்குனி ஆமைகளைப் பற்றிப் பேச்செடுக்கவே சந்தர்ப்பம் வரவில்லை. போன வருடம் கோடை விடுமுறையில், குழந்தைகளுக்கு ஏதாவது நடத்தித் தரச் சொல்லி எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சொசைட்டியில் கேட்டார்கள். கடலாமை விளையாட்டு நடத்துகிறேன் என்றேன்.

சொசைட்டிச் செயலாளர் மராத்திக்காரர், பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர். "புனேயில கடல் எங்கம்மா இருக்கு?" என்று இந்தியில் கேட்டார்.

"கொங்கண் கரையில ஆமை முட்டை போட வருதே. லீவு விட்டா நாம எல்லாரும் அங்கதானே போய் நிக்கிறோம்?"

"அப்ப அப்பா அம்மாவும் விளையாட வரணும். பிள்ளைகளை என் தலையில கட்டிட்டுப் போகக் கூடாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சொசைட்டி ஹாலின் திரைகளை இழுத்துவிட்டு இருட்டாக்கினோம். ஒரு கோடியில் என் நீலப் புடவைகளை விரித்துக் கடல் செய்தேன். அதன் பின்னால் சின்ன டார்ச் ஒன்று, அதுதான் நிலா. குழந்தைகள் குஞ்சுகள், தவழ்ந்துதான் கடலுக்குப் போக வேண்டும். அம்மாக்கள் துப்பட்டாவை விரித்து வலையானார்கள். அப்பாக்களில் பாதிப் பேர் நண்டு. சிஞ்ச்வடில் கியர் கம்பெனியில் இருக்கும் என் கணவர் நாற்காலி தூக்கத்தான் வந்தார். கறுப்புக் குடையைக் கொடுத்துக் காக்கா ஆக்கிவிட்டேன். காக்காவோ நண்டோ தொட்டாலும், வலையில் சிக்கினாலும் குஞ்சு அவுட்.

விசில் ஊதினேன். குஞ்சுகள் ஒழுங்காக நிலாவைப் பார்த்துத் தவழ்ந்தன. அந்த நேரம் பார்த்துச் செயலாளர், டீ கொடுக்க வேண்டுமென்று, எதிர்க்கோடியில் இருந்த சமையலறைக் கதவைத் திறந்தார். பளீரென்று வெளிச்சம் விழுந்தது. கூடவே உருளைக்கிழங்கு வடா வாசனை. குஞ்சுகள் மொத்தமாகத் திரும்பிவிட்டன. அந்தப் பக்கம் நின்ற என் கணவருக்குக் கொண்டாட்டம், குடையை ஆட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டார்.

என் மகளும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தாள். "காக்கா! காக்கா!" என்று கத்தினேன். வீட்டுக்கு வெளியே தமிழ் பேசாத பெண் அவள். மராத்தியில் காக்கா என்றால் சித்தப்பா, மாமா மாதிரி; பிள்ளைகள் செயலாளரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நேரே போய்ச் செயலாளரின் காலைக் கட்டிக்கொண்டாள். டீத் தட்டோடு தடுமாறிய அவர், "என்னை ஏன் கூப்பிட்டே?" என்று என்னைக் கேட்டார்.

"தமிழ்ல காக்கான்னா..." என்று இழுத்தேன். கா கா என்று கத்திக் காட்டினார் என் கணவர். ஹாலே சிரித்தது.

அவரும் சிரித்துவிட்டுத் தரையைப் பார்த்தார். அவுட்டான குஞ்சுகள் மல்லாந்து கிடந்தன. "இதெல்லாம் என்னாலயா?"

"ஆமா காக்கா. கரையில லைட் இருந்தா நிஜக் குஞ்சும் இப்படித்தான், கடல்னு நினைச்சு அங்க போயிடும்."

நான் சொல்ல வைத்திருந்த பேச்சே அதுதான். அதற்குமேல் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

கதவைச் சாத்தினார். "இன்னொரு தடவை. இப்ப நான்தான் காக்கா" என்று குடையை வாங்கிக்கொண்டார். முட்டி வலிக்காரர், ஈவு இரக்கமே இல்லாமல் பிடித்தார். அப்படியும் பலர் கடலுக்குப் போய்விட்டார்கள். என் மகள் புடவைக்குள் புகுந்துகொண்டு, "நான் வெளிய வர மாட்டேன், நான் கடல்ல இருக்கேன்!" என்று தமிழிலேயே கத்தினாள். எங்களுக்கு ஆறிப்போன வடாதான் கிடைத்தது.

அடுத்த வாரம், வீட்டிலிருந்தே பார்க்கும் ஆபீஸ் வேலைக்கு நடுவில் பால்கனிக்கு வந்தேன். கீழே பார்க்கிங்கில் பிள்ளைகள் தாங்களாகவே அதை விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆமை திருப்பிக் கடித்தால் நண்டு அவுட் என்று விதியையே மாற்றியிருந்தார்கள். இறங்கிப் போய்த் திருத்தலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். நண்டாக இருந்த பையன் அலறிக்கொண்டு ஓடியதைப் பார்த்ததும், வேண்டாம், நன்றாகத்தான் இருக்கிறது என்று அங்கேயே நின்று வேடிக்கை பார்த்தேன்.