மூன்றாவது தட்டுக் காண்ட்ராய்ட்டின்

மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்கிறவர் வீட்டிலும் நோய் வரும் என்பதை யாரும் நம்புவதில்லை. என்னைப்போல் நிற்கிற உங்களுக்கு இது தெரிந்ததுதான்.

முட்டிவலி அங்கிள்

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் கடையின் மூன்றாவது தட்டு முழுக்க முட்டிவலிக்கான காண்ட்ராய்ட்டின் போத்தல்கள். பத்துமலைக் கோயில் படி ஏறவேண்டும் என்று ஓர் அங்கிள் மாதாமாதம் வாங்குவார். "குருத்தெலும்புக்கு இது மெத்தை மாதிரி" என்று மனப்பாடமாகச் சொல்வேன்.

பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிய அன்று, குழந்தை எப்படி என்று கேட்டார். யாழினி இடுப்பு மூட்டும் முட்டியும் விலகியே பிறந்தாள், காலில் கட்டுப் போட்டிருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. நன்றாக இருக்கிறாள் என்றேன்.

"அம்மா முட்டி மருந்து விக்குது, பிள்ளை ஓடத்தான் செய்யும் லா."

தாளில் ஒரு மாலை

மரபணுப் பரிசோதனை முடிவைச் சொன்ன டாக்டர் தாளில் மணிமாலை வரைந்தார். காண்ட்ராய்ட்டினை நம் செல்களே செய்துகொள்கின்றனவாம். சில என்சைம்கள் சர்க்கரை மணிகளைக் கோர்க்கும். வேறு சில அந்த மணிகளில் சல்ஃபேட்டைப் பொருத்தும். யாழினிக்குக் கோர்ப்பதில் குறையில்லை. பொருத்துகிற ஒன்று வேலை செய்யவில்லை, அதனால்தான் மூட்டுகள் சரியாக அமையவில்லையாம். கான்வென்டில் சிஸ்டர்களின் ஜெபமாலையைப் பார்த்து வளர்ந்தவள் நான். பயம் வந்தால் எதையாவது எண்ணுவேன். தாளிலிருந்த மணிகளை எண்ணிக்கொண்டே, நடப்பாளா என்று கேட்டேன்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் நடப்பான்னு நம்புறேன். எப்படி நடப்பான்னு இப்பவே சொன்னா அது பொய்மா."

ஒரு கேப்சூல்

மறுநாள் கடையிலிருந்து ஒரு போத்தலைக் கிள்ளானில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்று தினமும் சொல்கிற அதே வாய்தான். கேப்சூலைப் பிரித்துப் பாலில் கலக்கினேன். யாழினி பாலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள். அந்த நம்பிக்கையைப் பார்த்ததும் பாலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அப்படியே சிங்க்கில் கொட்டினேன்.

எங்கள் ஃபார்மசிஸ்ட் கலா அக்காவிடம் ஒத்துக்கொண்டேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். விழுங்குவது வயிற்றில் உடைந்து எங்கெங்கோ போகும், அந்த என்சைமின் வேலையை எந்தப் போத்தலும் செய்யாது என்றார்.

"அது அவ செல்லுக்குள்ள நடக்கவேண்டிய வேலை. நம்ம கடையிலேர்ந்து அங்க டெலிவரி கிடையாதுமா."

அடுத்த மாதம் ஆபரேஷன். அங்கிளுக்கு இன்றும் மூன்றாவது தட்டிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தேன், "மெத்தை மாதிரி" என்று வழக்கமாகச் சொல்லுமிடத்தில் மட்டும் பில் அடிக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.