பிரியாணிப் பொட்டலத்து ரப்பர் பேண்ட்

வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் என் கண்ணெதிரே திட்டு வாங்கினாள். அது எனக்கு வரவேண்டிய திட்டு. நான் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

படித்துக்கொண்டிருந்தேன் என்பதுகூடப் பொய். விரித்து, முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன்... அவ்வளவுதான்.

விஷயம் ஒரு ரப்பர் பேண்ட். சிரிக்காதீர்கள், முழுதாகக் கேளுங்கள்.

இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். கொஞ்ச நாள் முன்பு ரப்பர் பேண்டின் பெருமையைப் பற்றி இங்கே அளந்திருந்தேன். சட்டென்று இழுத்து உதட்டில் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும், தளர்த்தினால் ஜில்லென்று ஆகும் என்று எழுதினேன். மற்ற பொருளெல்லாம் சூட்டில் விரியும், இழுத்துக் கட்டிய ரப்பர் மட்டும் சுருங்கும் என்று விஞ்ஞானம் பேசினேன். திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஊறுகாய் பாட்டில் மூடியில் ஒன்றைச் சுற்றுங்கள், பிடி கிடைக்கும் என்றேன். வெள்ளைத் துப்பட்டாவை அங்கங்கே ரப்பர் பேண்டால் முடிந்து சாயத்தில் முக்கினால் பூப்பூவாக வருவது, ஸ்கூல் பெண்கள் பின்னிக்கொள்ளும் கலர் வளையல், பல் கம்பியில் மாட்டும் குட்டி வளையம் — ஒன்றையும் விடவில்லை. மூலத்துக்கு டாக்டர்கள் போடுகிற ரப்பர் வளையம் வரைக்கும் போய்விட்டேன்.

பாராட்டு வந்தது. (மூலத்தைப் பற்றித்தான் ஜாஸ்தி போன்!) கட்டுரையை வெட்டி எடுத்து வைத்திருப்பதாகப் பல பேர் சொன்னீர்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. ரப்பர் பேண்ட் என்றால் நான்தான் என்கிற நினைப்பு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஷகிலாவின் ரப்பர் பேண்ட் அறுந்தது.

ஷகிலா, ஆம்பூரில் எங்கள் பக்கத்து வீடு. ஷூ கம்பெனியில் மிஷினில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைக்கிறவள். வீட்டுக்காரர் லாரி டிரைவர், பாதி நாள் வெளியூர். ஒருநாள் வீட்டில் பாத்திரம் கழுவும்போது கண்ணாடிக் கிண்ணம் உடைந்து, இடது கை ஆள்காட்டி விரலின் அடியில் ஆழமாக இறங்கிவிட்டது. 'நரம்பு கட்டாயிடுச்சு' என்று தெரு முழுக்கப் பேச்சு. உண்மையில் அறுந்தது விரலை மடக்குகிற நாண். வேலூருக்குக் கொண்டுபோய், ஆபரேஷன் செய்து, இணைத்துத் தைத்து அனுப்பினார்கள்.

அனுப்பும்போது கையில் ஒரு வினோதமான ஏற்பாடு. புறங்கையை மூடிய மாதிரி ஒரு பிளாஸ்டிக் தகடு. விரல் நகத்தின் மேல் ஒட்டிய சின்னக் கொக்கி. மணிக்கட்டுப் பக்கம் கட்டுத் துணியில் குத்திய ஊக்கு. கொக்கிக்கும் ஊக்குக்கும் நடுவே... ஒரு மெல்லிய ரப்பர் பேண்ட்.

அந்தப் பேண்ட் விரலை உள்ளங்கைப் பக்கம் மெதுவாக இழுத்து வைத்திருக்கும். ஷகிலா அடிக்கடி விரலைத் திறந்து பின்னால் உள்ள தகட்டைத் தொடவேண்டும். தொட்டதும் விட்டுவிட வேண்டும். மடக்குகிற வேலையை ரப்பர் பேண்ட் பார்த்துக்கொள்ளும். அதாவது, தைத்த நாணுக்கு ஓய்வு, விரலுக்கு மட்டும் அசைவு. யார் யோசித்தார்களோ, கையெடுத்துக் கும்பிடலாம். ஒரு ரப்பர் பேண்டை நம்பி ஒரு விரல்!

விரல் மட்டும் இல்லை. மிஷினில் ஊசிக்குப் பக்கத்தில் தோலைத் திருப்பிக் கொடுப்பது அந்த இடது ஆள்காட்டி விரல்தான். புது ஆர்டர் தொடங்குவதற்குள் வந்துவிட்டால் உன் மிஷின் உனக்கு, இல்லாவிட்டால் வேறு பெண்ணை உட்காரவைத்துவிடுவேன் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். ஷகிலா அந்த மிஷினைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது.

பேண்ட் அறுந்த அன்று எங்கள் வாசலில் வந்து நின்றாள். உதிரியாகக் கொடுத்ததும் தீர்ந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்கவேண்டும், அல்லது காலையில் பஸ் ஏறிப் போகவேண்டும் என்றாள். போனில் பேச என் மனைவி ஸ்டெல்லாவைத் துணைக்குக் கூப்பிடத்தான் வந்திருந்தாள்.

ஸ்டெல்லா கடைக்குப் போயிருந்தாள். நான் இருந்தேன்.

"ஒரு ரப்பர் பேண்டுக்கா வேலூர் வரைக்கும்?" என்று கேட்டேன்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் ரிட்டையர் ஆகும்வரை தோல் பதனிடுகிற டேனரியில் ஃபினிஷிங் பக்கம் வேலை பார்த்தவன். ஈரத்தோலை நாலு பக்கமும் இழுத்து, ஃப்ரேமில் கிளிப் மாட்டிக் காயவைப்பது எங்கள் பிழைப்பு. தளர்வாக விட்டால் தோல் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். அதனால் எதைப் பார்த்தாலும் எங்கள் ஆட்களுக்கு ஒரே மந்திரம்தான்: இன்னும் கொஞ்சம் இழு.

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக் கொண்டியில் ரப்பர் பேண்ட் மாலையே தொங்கும். எல்லாம் பிரியாணிப் பொட்டலத்தில் வந்தவை. ஆம்பூரில் ரப்பர் பேண்டுக்குப் பஞ்சமா? அதில் நல்ல தடியாக ஒன்றை எடுத்தேன். பழைய பேண்ட் நூல் மாதிரி இருந்ததே, அதனால்தானே அறுந்தது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, இதை இரட்டையாக மடித்துக் கொக்கியில் மாட்டினேன். ஊக்குப் பக்கம் இழுத்து, தோல் கட்டுக்குப் போடுவோமே அந்த முடிச்சைப் போட்டேன். இழுத்தால் இறுகுமே தவிர அவிழாத முடிச்சு. முடித்துவிட்டு அழகு வேறு பார்த்தேன்.

"இன்னா சார், ஜாஸ்தி இழுக்குதே," என்றாள் ஷகிலா. "ஆஸ்பத்திரி மேடத்த ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டுக்கலாமா?"

"வலிச்சாத்தாம்மா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

இதைச் சொன்னது நான்தான். என் வாயால்தான். எழுதும்போது கை கூசுகிறது.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். பேப்பரில் ரப்பர் பேண்டைப் பற்றி எழுதுகிற சார் சொல்கிறார்... தப்பாக இருக்குமா? இரண்டு நாள் கழித்து மாடியில் துணி காயப்போடும்போது அவளைப் பார்த்தேன். விரல் முழுசாகத் திறக்கவே மாட்டேங்குது, தகட்டைத் தொட முடியவில்லை என்றாள். போகப் போகச் சரியாகிவிடும், பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு நான் கீழே இறங்கிவிட்டேன். அன்றைக்காவது எனக்கு உறைத்திருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டிய நாள் வந்தது. அவள் வீட்டுக்காரர் லோடோடு எங்கோ இருந்தார். நானே காரில் கூட்டிப்போனேன். பரோபகாரியாம்!

கைப் பயிற்சி அறையில் இருந்த தெரபிஸ்ட் சின்ன வயசுப் பெண். கட்டைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. கத்தரிக்கோலை எடுத்து ரப்பர் பேண்டை வெட்டினாள். விரல் அப்படியே மடங்கி நின்றது. நிமிர்த்திப் பார்த்தாள், நடு மூட்டு வளைந்தபடியே இருந்தது. பேண்ட் அளவுக்கு மீறி இழுத்ததில் மூட்டு இறுகிப்போய்விட்டது என்றாள். தைத்த நாண் பிழைத்தது உங்கள் அதிர்ஷ்டம் என்றாள்.

பிறகு கேட்டாள்: "இத யார் மாத்துனது?"

நான் பேப்பரை மடிக்க ஆரம்பித்தேன். சத்தியமாக ஆரம்பித்தேன். அதற்குள் ஷகிலா சொல்லிவிட்டாள்.

"நான்தான் மேடம். அறுந்துபோச்சு. வீட்ல இருந்தத எடுத்துப் போட்டுக்கினேன்."

மடித்த பேப்பரை மறுபடி விரித்தேன்.

அந்தப் பெண் திட்டினாள். சொன்னால் கேட்கக் கூடாதா, போன் நம்பர் எதற்குக் கொடுத்தோம், யாரையாவது கேட்டுச் செய்ய வேண்டாமா, உங்கள் கையை நீங்களே கெடுத்துக்கொண்டீர்களே... நிறுத்தவே இல்லை. அறையில் மற்ற பேஷண்டுகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஷகிலா தலையைக் குனிந்துகொண்டு 'சரி மேடம், சரி மேடம்' என்றாள். எனக்குக் காது சுட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. இப்போது சொன்னால், ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்பார்களே? ஒவ்வொரு நொடிக்கும் அந்தக் கேள்வி பெரிதாகிக்கொண்டே போனது.

திரும்பும்போது ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். பள்ளிகொண்டா தாண்டியதும் என்னால் அடக்க முடியவில்லை. ஏம்மா அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், கேள்வி கேட்டேன் பாருங்கள்.

"விடுங்க சார். உங்களத் திட்டினா உங்களுக்கு ஒரு மாதிரி ஆய்டும்," என்றாள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே. "எனக்குப் பழக்கம்தான. கம்பெனி லைன்ல டெய்லி வாங்குறதுதான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் நிஜமாகவே எனக்காகத்தான் சொன்னாள்.

வீட்டில் ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ரப்பர் பேண்ட் கட்டியதற்குக்கூட அவ்வளவு கோபப்படவில்லை. தெரியாததில் கை வைப்பது உங்கள் பிறவிக் குணம், விடுங்கள் என்றாள். அப்புறம் ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தப் பொண்ணு திட்டு வாங்கினப்போ நீங்க இன்னா பண்ணிட்டு இருந்தீங்க?"



புது ஆர்டர் தொடங்கிவிட்டது. ஷகிலாவின் மிஷினில் இப்போது வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். சூப்பர்வைசரைப் போய்ப் பார்த்தேன், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் மரியாதையாக டீ கொடுத்தார், மிஷினைக் கொடுக்கவில்லை. விரல் நிமிர்ந்த பிறகு பார்க்கலாம் என்றார். விரல் நிமிர இன்னும் பல வாரம் ஆகும். முழுசாக நிமிருமா என்பது இப்போதைக்கு யாருக்கும் தெரியாது.

போன வாரம் மறுபடி வேலூர். இந்த முறை கையில் பேப்பர் கொண்டுபோகவில்லை. தெரபிஸ்ட் ஷகிலாவின் விரலை மெதுவாக நீவிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து பக்கத்தில் போய் நின்றேன். அறை நிறைய ஆட்கள். பரவாயில்லை, அன்றும் நிறைய ஆட்கள்தானே இருந்தார்கள்?

"மேடம், அன்னிக்கு அந்த ரப்பர் பேண்டைக் கட்டினது இவங்க இல்ல. நான்தான்," என்றேன்.

ஷகிலா 'அய்யோ சார்' என்று முணுமுணுத்தாள். அந்தப் பெண் தலையை நிமிர்த்தவில்லை. விரலை நீவுவதையும் நிறுத்தவில்லை.

"தெரியும் சார்," என்றாள். "அந்த மாதிரி முடிச்ச ஒத்தக் கையால போட முடியாது. கூட வந்தவர் வாயத் திறப்பாருன்னுதான் அன்னிக்கு அவ்ளோ நேரம் திட்டினேன். பாவம், எல்லாத்தையும் இவங்களே வாங்கிக்கிட்டாங்க."

உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். விரலை எப்படி நீவிவிட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள், வீட்டில் ஸ்டெல்லா செய்துவிடலாமாம். என்னிடம் கொடுக்கவில்லை. நியாயம்தானே?

இதை எழுதட்டுமா, பேரை மாற்றிப் போடுகிறேன் என்று ஷகிலாவிடம் கேட்டேன். எதுக்கு சார் மாத்தணும், நான் இன்னா தப்பு பண்ணேன் என்றாள். அதனால் மாற்றவில்லை.

அந்த ரப்பர் பேண்ட் கட்டுரையை வெட்டி வைத்திருப்பதாகச் சொன்னீர்களே... இதையும் வெட்டி அதோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். ரொம்ப இறுக்காமல்.