துரை கட்டாத தீர்வை

மண்டூர்க் கோணாமலைக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது. தோளில் கிடக்கிற சால்வையை எடுத்து ஓங்கி உதறுவான். அந்த வருடம் மட்டும் அவன் எத்தனை சால்வையைக் கிழித்தான் என்று கேட்டால் அரசாங்கக் கச்சேரிக்காரர்களுக்கே வெட்கமாக இருக்கும். அவர்களுக்கு வெட்கம் என்று ஒன்று இருந்தால்.

கலியாணம் முடித்த நாளிலிருந்து பதினெட்டு வருடமாக அவன் செய்துவந்த ஐந்து ஏக்கரை வயல் வட்டைச் சனம் முழுவதும் கோணாமலையின் வயல் என்றுதான் சொல்லும். காணி உறுதிப் பத்திரத்தில் இருந்த பெயர் அவன் மனைவி இலட்சுமிப்பிள்ளையுடையது. இதில் புதினம் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் வயலும் பெண்ணுக்குத்தான் சீதனமாகப் போகும். ஆண் வந்து உழுது விதைத்துச் சேற்றோடு சேறாகக் கிடப்பான். காணி யார் பெயரில் என்று எவனும் யோசிப்பதில்லை.

ஐம்பத்து மூன்றாம் ஆண்டு வெள்ளாமையில் பாதிக்கு மேல் காட்டுப் பன்றி தின்றுவிட்டது. தகரம் தட்டினான், தீ மூட்டினான், தொண்டை கிழியக் கத்தினான். பன்றிகள் அவனை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. அடுத்த போகமும் போனால் விதைநெல்லுக்கே வழியில்லை. பன்றியைச் சுடத் துவக்கு ஒன்று இல்லாமல் சரிவராது என்று முடிவெடுத்தான்.

பட்டினத்துக் கடையில் கேட்ட விலை அவன் மாட்டு விலையை விடக் கூடுதல். பதுளையில் ஒரு தோட்டத்துரை சீமைக்குத் திரும்புகிறார், ஒற்றைக் குழல் துவக்கை எண்பது ரூபாய்க்குக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டதும் பஸ் ஏறிவிட்டான். துரை நல்ல மனிதர்தான். தேத்தண்ணியும் கொடுத்துத் துவக்கையும் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் சனி பிடித்தது. வேறு மாகாணத்துத் துவக்கை மலையிலிருந்து இறக்க ஒரு அனுமதி, அதற்கு முத்திரைக் காசு. மட்டக்களப்புக்குள் கொண்டுவர இன்னொரு அனுமதி, அதற்கும் முத்திரைக் காசு. எல்லாம் கட்டித் தீரும்வரை துவக்கு பொலிசில் கிடக்கும், அதற்குக் கூலி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

தை பிறந்த கையோடு கச்சேரிக்குப் போனான். கிளாக்கர் கடதாசிகளைப் புரட்டினார்.

"இந்தத் துவக்குக்கு இறக்குமதித் தீர்வை கட்டப்படல்ல. துரை இருபது வருசத்துக்கு முன்ன சொந்தப் பாவிப்புக்கெண்டு கப்பல்ல கொண்டுவந்த சாமான். வித்தா, வாங்கின ஆள்தான் கட்டவேணும்."

"துரை இருபது வருசமாக் கட்டாத தீர்வைய நான் கட்டுறதா, ஐயா?"

"சட்டம் அப்படி. வெள்ளாமைக் காவலுக்கெண்டா அரைவாசி கட்டினாப் போதும். காணி உறுதி இரிக்கா?"

கோணாமலை மடியிலிருந்து உறுதியை எடுத்து நீட்டினான். கிளாக்கர் வாசித்தார்.

"இது ஆரு இலட்சுமிப்பிள்ளை?"

"என்ட பொஞ்சாதி."

"அப்ப உமக்குக் காணி இல்ல. உம்மட துவக்கு வேட்டைத் துவக்கு. தீர்வை முழுக்கக் கட்டும். லைசன் காசும் மூண்டு மடங்கு."

பொழுதுபோக்குக்கு மானும் மரையும் சுட்ட துரைக்குத் தீர்வை இல்லையாம். பன்றி தின்ற வயலில் நிற்கிறவன் வேட்டைக்காரனாம்! எண்பது ரூபாய்த் துவக்குக்கு நூற்று நாற்பது ரூபாய் தண்டம். இதை எந்தக் கோயிலில் போய்ச் சொல்லி அழுவது? சால்வையை உதறிக்கொண்டு வெளியே வந்தான். தோணித்துறைவரை அவன் காதில் ஒரே சொல்தான் கேட்டுக்கொண்டிருந்தது: காணி இல்லாதவன்.

வீட்டில் நடந்ததைச் சொன்னான். இலட்சுமிப்பிள்ளை சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"கதிர் பால் புடிச்சிட்டுது. நேத்து தெக்கு வரம்பால பண்டி இறங்கியிரிக்கி. நீங்க இஞ்ச சால்வைய உதறிக்கிட்டு இருந்தா நெல்லு மிஞ்சுமா? விடிய ரெண்டுபேரும் கச்சேரிக்குப் போவம்."

கழுத்து அட்டியலை ஈடுவைத்த காசோடு மறுநாள் அவளே கிளாக்கருக்கு முன்னால் நின்றாள்.

"பொம்பிளைக்குத் துவக்கா?" என்று அவர் சிரித்தார்.

"காணி என்ட பேர்ல எண்டு நீங்கதானே சொன்னீங்க, ஐயா. பண்டி திங்கிறதும் அப்ப என்ட நெல்லுத்தான். என்ட பேர்லயே எழுதுங்க."

சிரிப்பு நின்றது. தீர்வை பாதியானது. ஆனால் பெயர் மாற்றியதற்குப் புதிதாக முத்திரை, பழைய முத்திரைக் காசு திரும்பி வராது. காசை எண்ணி மேசைக்குள் போட்ட பிறகு அவர் கோணாமலையைப் பார்த்து விரல் நீட்டினார். "லைசன்காரி மட்டும்தான் துவக்கால வெடி வைக்கலாம். நீர் தொட்டீரோ, குற்றம்."

துவக்கு கைக்கு வந்த மூன்றாம் நாள், விடியற்காலையில் இரண்டு பேரும் காவற்பரணில் இருந்தார்கள். தெற்கு வரம்பால் ஒரு தாய்ப்பன்றியும் ஏழெட்டுக் குட்டிகளும் இறங்கிக் கதிரை மிதித்துத் தின்னத் தொடங்கின. இலட்சுமிப்பிள்ளை தோட்டாவைப் போட்டுத் துவக்கை அவன் பக்கம் நீட்டினாள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நான் காணி இல்லாதவன். நீயே வெடி வை."

கீழே நெல் முறிகிற சத்தம் கேட்டது. அவளுக்கும் கோபம் வந்துவிட்டது.

"காணி என்ட பேர்ல. துவக்கும் என்ட பேர்ல. பதினெட்டு வருசமாச் சேத்துக்குள்ள நிண்டது ஆரு, கிளாக்கரா? வெள்ளாமை உங்கட. புடிங்க, வைங்க வெடிய!"

கோணாமலை துவக்கை வாங்கிச் சுட்டான். தாய்ப்பன்றி வரம்பிலேயே விழுந்தது. அவன் மனதில் அப்போது நின்றது பன்றி மட்டும்தான் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன்.