நானுஓயாவில் ஐஸ் விழுந்த கதை

நானுஓயா ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் முதலில் தேடுவது ஸ்வெட்டரை. அந்த ஸ்டேஷனுக்கு எதிரில் பலூடா கடை திறக்கப்போவதாக ரம்லா சொன்னபோது, பக்கத்துத் தேநீர்க்கடை ஆண்டியப்பன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ சிந்திவிட்டது.

"போர்த்திக்கிட்டு வர்றவனுக்கு ஐஸா விக்கப் போறீங்க? அப்படியே ஒரு கம்பளியும் குடுத்து அனுப்புங்க."

ரம்லா அசையவில்லை. ஏப்ரல் சீசனில் கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு ஊரும் குளிர வேண்டும், வாயும் குளிர வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. மூடிப்போன ஒரு ஹோட்டலிலிருந்து இரட்டைக் கதவு பிரிட்ஜ் ஒன்றை வாங்கியிருந்தார். கதவிலுள்ள குழியில் கிளாஸை அழுத்தினால் தண்ணீர் வரும். பொத்தானை மாற்றி அழுத்தினால் ஐஸ் விழும். சனிக்கிழமை காலை ரயிலுக்குத் திறப்பு என்று பலகையும் மாட்டியாயிற்று. ஐஸ் விழாவிட்டால் பலூடா இல்லை. பலூடா இல்லாவிட்டால், சீசன் முழுவதும் ஆண்டியப்பனின் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

பிரிட்ஜைப் பொருத்த வந்தவர் ஜீவராணி. றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயம் ஒன்றில் பிறந்தவர். குவைத்தில் வீட்டு வேலை செய்த காலத்தில் இப்படியொரு பிரிட்ஜைத் தினமும் துடைத்தவர். அங்கே அதைத் திருத்த வந்தவருக்கு டார்ச் பிடித்து நின்றபோதுதான், துடைப்பதைவிடத் திறந்து பார்ப்பது சுவாரஸ்யம் என்று தெரிந்ததாம். ஊர் திரும்பியதும் ஹட்டனில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தார். இன்று முதுகில் பையோடு அவர் பஸ் ஏறினாலே கண்டக்டர், "இன்னைக்கு யாரு வீட்டு பிரிட்ஜுக்குக் காய்ச்சல்?" என்று கேட்பார்.

செவ்வாய்க்கிழமை பொருத்தினார். தண்ணீர் வந்தது, மறுநாள் ஐஸும் விழுந்தது. ரம்லா இரண்டு கட்டிகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போய் ஆண்டியப்பனிடம் காட்டிவிட்டு வந்தார். அன்றிரவு நல்ல மழை. வியாழக்கிழமை காலையே ஜீவராணிக்குப் போன்.

"புள்ள, தண்ணி எச்சில் மாதிரி ஒழுகுது. ஐஸ் ஒண்ணும் விழல்ல. நாளன்னைக்குக் கடை தொறக்கணும்!"

ஜீவராணி வந்து பையைப் பிரித்தார். முதலில் கதவின் பொத்தான்களைப் பார்த்தார். பிள்ளைகள் அழுத்தாமல் இருக்கப் போடும் பூட்டு விழவில்லை. ஐஸ் பெட்டி நிறைந்தால் மேலெழுந்து வேலையை நிறுத்தும் கம்பி, எழாமல் கீழேயே இருந்தது. உறைபெட்டியில் மீன் கல்லாகிக் கிடந்தது, குளிருக்குக் குறைவில்லை. உள்ளேயிருக்கும் வடிகட்டியைக் கழற்றி, அது இல்லாமலே தண்ணீரை விடும் மூடியை மட்டும் மாட்டிப் பார்த்தார். அதே ஒழுகல்.

பிரிட்ஜை இழுத்தார்கள். பின்னால் போகும் மெல்லிய குழாய் எங்கும் மடங்கவில்லை. அதைப் பிரிட்ஜிலிருந்து கழற்றி வாளிக்குள் விட்டார். சொட்டு... சொட்டு...

வேடிக்கை பார்க்க வந்திருந்த ஆண்டியப்பன் வாளியை எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, இது நெறையிறதுக்குள்ள அடுத்த சீசன் வந்துரும்."

"அண்ணே, ஒங்க பாய்லர் பொங்குது, போய்ப் பாருங்க."

"அது பொங்கல. நீதான் பொங்குற."

ஜீவராணி மனதுக்குள் கணக்குப் போட்டார். பிரிட்ஜில் குறை இல்லை. தண்ணீரே அதுவரை போய்ச் சேரவில்லை. ஆனால் பக்கத்துக் குழாயைத் திறந்தால், தண்ணீர் விழும் வேகத்தில் பாத்திரம் கழுவும் தொட்டி அதிர்கிறது. அப்படியானால் சிக்கல் இடையில்தான். சுவர்க் குழாயும் மெல்லிய குழாயும் சேரும் இடத்திலிருந்த நட்டைக் கழற்றினார். உள்ளேயிருந்து சேறு பூசிய உருண்டை ஒன்று வந்தது. பிரித்தால், நாலாய் மடித்த துணி.

"எந்தப் புத்திசாலி இதை இதுக்குள்ள வச்சது?" என்று ஜீவராணி அதட்டினார்.

ரம்லா துணியை வாங்கிக் கழுவினார். ஓரத்தில் நீலப் பூ தெரிந்தது. "யா அல்லாஹ், இது எங்கட தலகாணி உறை! நான்தானே கிழிச்சுக் குடுத்தேன்!"

"யாருக்கு ராத்தா?"

"ஒனக்குத்தான்டி!"

ஒரு கணம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஜீவராணி வாளிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு அடங்கவே இல்லை. ரம்லா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மலையில் தண்ணீர் ஊற்றிலிருந்து குழாய் வழியே நேரே இறங்கி வரும். மழைக்குப் பிறகு இலையும் சேறும், சில நாள் ஒரு அட்டைப்பூச்சியும் சேர்ந்து வரும். அதனால் குழாய் என்று ஒன்று இருந்தால் அதன் வாயில் துணி ஒன்று இருக்கும். றொசல்ல லயத்திலும் அப்படி, ரம்லா பிறந்த வலப்பனை வீட்டிலும் அப்படி. செவ்வாய்க்கிழமை ஜீவராணி யோசிக்காமல் கையை நீட்டினார். ரம்லா யோசிக்காமல் துணியைக் கிழித்துக் கொடுத்தார். சாப்பிடும்போது பக்கத்தில் இருப்பவருக்கு உப்பை நகர்த்துவதுபோல. இருவருக்கும் அது ஞாபகத்தில் நிற்கவே இல்லை. வெளியே கட்டிய துணி என்றால் கண்ணில் படும், அவிழ்த்து அலசலாம். இது நட்டுக்குள் ஒளிந்துகொண்டது. ஒரே மழையின் சேறு போதும், வழி அடைந்துவிட்டது.

"வீசு அதை," என்றார் ரம்லா.

"வேணாம் ராத்தா. இது இல்லாட்டி அவ்வளவு சேறும் பிரிட்ஜுக்குள்ள போயிருக்கும். நாம செஞ்சது சரி, வச்ச எடந்தான் பிழை."

ஹார்ட்வேர் கடையிலிருந்து உள்ளே தெரிகிற வடிகட்டிக் குப்பி ஒன்றை வாங்கி வந்து, சுவரில் கண்ணுக்கு நேரே பொருத்தினார். அலசிய துணியை, கடைக்குப் பின்னால் மேட்டிலிருந்த தண்ணீர்த் தொட்டிக்கு வரும் குழாயின் வாயில் கட்டினார். பிரிட்ஜ் வாயிலிருந்து தண்ணீர் பாய்ந்தது. முதல் சில கிளாஸ்களைக் கொட்டிவிட்டு, ஐஸுக்குக் காத்திருந்தார்கள்.

பொழுது சாயும் நேரம். வாசலில் ஆண்டியப்பன் ஏதோ கிண்டலைத் தொடங்கியிருந்தார். உள்ளே கடகடவென்று சத்தம். மூவரும் ஓடினார்கள். பெட்டியில் பிறை பிறையாக ஐஸ்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று ரம்லா ஜீவராணியைக் கட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை ரயில் வருவதற்கு முன்னமே கடைக்கு முதல் ஆள் வந்துவிட்டார். கம்பளித் தொப்பி, ஸ்வெட்டர், கழுத்தில் மஃப்ளர். பாதி பலூடா இறங்கியபோது ஆண்டியப்பனின் பல் தந்தியடித்தது.

"இன்னொன்னு போடுங்க," என்றார். "ஐஸ் கொஞ்சம் தூக்கலா."